ஆசீர்வாதம் சரிசெய்த விளக்கு

தயாளனுக்கு அப்பா எழுதுவது. சுகமா என்று கேட்டு ஆரம்பித்திருக்கலாம். ஆனால் நீ சுகமாக இல்லை என்று எனக்குத் தெரியும், அதற்குக் காரணம் நான்தான் என்று உனக்கும் தெரியும். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருஷத்தில் எனக்கு மூன்று கடிதம் போட்டாய். மூன்றிலும் ஒரே கேள்வி, கிரேஸை நான் கட்டிக்கொள்வதில் உங்களுக்கு என்ன கஷ்டம் என்று. நானும் மூன்று பதில் போட்டேன். முதலில், அந்தக் குடும்பத்தைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது என்றேன். அடுத்து, ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிற பெண் நேரங்கெட்ட நேரத்தில் டியூட்டிக்குப் போவாள், வீடு வீடாக இருக்காது என்றேன். அப்புறம், உன் வேலை நிரந்தரமாகட்டும் என்றேன். வாத்தியார் இல்லையா, ஒவ்வொன்றையும் பரீட்சைப் பேப்பர் மாதிரி திருத்தி அனுப்பினாய். போன மாதம் நாலாவதாக வந்த கடிதத்தில் ஒரே வரி. "அப்பா, நீங்கள் சொல்கிற காரணம் எதுவும் உங்கள் காரணம் இல்லை." அதை உன் அம்மாவிடம் காட்டினேன். "பையன் உங்களையே சந்தேகப்பட ஆரம்பிச்சிட்டான். இப்பதான் உங்க புள்ளைன்னு நம்பிக்கை வருது" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

நீ எழுதியது சரி. அந்தக் காரணத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், உட்கார்ந்து படி.

என் புத்தி உனக்குத் தெரியும். நம் வீட்டுக்கு எத்தனை பால்காரர்கள் மாறினார்கள் என்று உன் அம்மாவுக்கே நினைவில்லை. கதவைப் பூட்டி இழுத்துப் பார்த்துவிட்டு, தெருமுனை வரை போய், திரும்பி வந்து இன்னொரு தரம் இழுத்துப் பார்ப்பேன். கோயிலில் காணிக்கைத் தட்டு எடுத்து வருகிறவரின் விரலைப் பார்ப்பேன். இதெல்லாம் நீங்கள் இரண்டு பேரும் என்னைக் கேலி செய்து சிரிக்கிற விஷயங்கள். சிரிக்க முடியாத ஒன்றும் உண்டு. எட்டாம் வகுப்பில் நீ கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கினாய். மறுநாள் நான் உன்னையும் கூட்டிக்கொண்டு தலைமை ஆசிரியர் அறைக்குப் போய், பையன் பார்த்து எழுதினானா என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, உன்னைக் கரும்பலகையில் ஒரு கணக்குப் போடச் சொன்னார். போட்டாய். இன்னொன்று சொன்னார், அதையும் போட்டாய். வீட்டுக்குத் திரும்பி வரும்போது எனக்குப் பத்தடி முன்னால் நடந்தாய், நான் வேகமாக நடந்தால் நீயும் வேகமாக நடந்தாய். அன்றைக்கு நான் உன்னிடம் ஒரு வார்த்தை பேசியிருக்க வேண்டும். தந்தை மகனிடம் எப்படிக் கேட்பது என்ற வீம்பில் விட்டுவிட்டேன். இப்போது கேட்கிறேன், மன்னித்துவிடு. அது சின்னது. பெரியது இனிமேல்தான் வருகிறது.

கிரேஸின் அப்பா ஆசீர்வாதத்தை எனக்குத் தெரியும். நீ எழுதிய முதல் கடிதத்திலேயே, "அவள் அப்பா பெயர் ஆசீர்வாதம், வேலூர் பக்கம் பாகாயத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார், முன்னே மெட்ராஸில் ஏதோ கம்பெனியில் இருந்தாராம்" என்று படித்தபோதே ஆள் யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கம்பெனியில்தான் நானும் இருந்தேன். நான் விமானத்தில் ரேடியோ பார்த்தேன், அவர் கீழே மெக்கானிக்காக இருந்தார். பதினைந்து வருஷத்துக்கு முன் அவருக்கு அங்கே வேலை போனது. போனது என்னால்.

நாம் பல்லாவரத்தில் குடியிருந்ததும், நான் காக்கி உடுப்பில் மீனம்பாக்கத்துக்கு சைக்கிள் மிதித்ததும் உனக்கு லேசாக நினைவிருக்கும். உலகச் சண்டையில் மிஞ்சிய டகோட்டா விமானங்களை வாங்கி, பயணிகள் இல்லாமல் சரக்கு மட்டும் ஏற்றிக்கொண்டு போகிற சின்ன கம்பெனி அது. ஒரு விமானத்தில் மூன்று பேர். கேப்டன், அவருக்கு வலப்பக்கம் துணை விமானி, இருவருக்கும் பின்னால் ஒரு தடுப்பில் ரேடியோவோடு நான். எனக்குப் பின்னால் கதவைத் திறந்தால் சரக்கு. ரேடியோவில் பேசுவதோடு என் வேலை முடியாது. எத்தனை மணிக்கு என்ன நடந்தது என்று நிமிஷ சுத்தமாக ஒரு புத்தகத்தில் எழுதிக்கொண்டே வர வேண்டும். ஏதாவது தகராறு வந்தால் அந்தப் புத்தகம் சொல்வதுதான் முடிவு. இதை மட்டும் மறக்காமல் வைத்துக்கொள்.

டகோட்டாவுக்கு இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்றாக இரண்டு என்ஜின். ஒவ்வொன்றுக்கும் ஒரு நெருப்பு விளக்கு உண்டு. என்ஜின் இருக்கும் கூட்டுக்குள் மிதமிஞ்சிச் சூடு ஏறினால் விமானிகளின் கண்ணுக்கு நேரே சிவப்பாக எரியும். எரிந்தால் என்ன செய்வது என்பது எல்லோருக்கும் மனப்பாடம். எந்தப் பக்கம் என்று கேப்டன் சத்தமாகச் சொல்ல வேண்டும், மற்றவர் பார்த்து ஆமாம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பதற்றத்தில் நல்ல என்ஜினை அணைத்துவிட்டுச் செத்தவர்கள் உண்டு. அப்புறம் அந்த என்ஜினுக்குப் பெட்ரோலை நிறுத்தி, காற்றாடியை நிறுத்தி, இரண்டு விமானிகளுக்கும் நடுவில் தரையில் இருக்கிற மூடியைத் திறந்து ஒரு கைப்பிடியை இழுக்க வேண்டும். நெருப்பணைக்கிற வாயு போய் அடிக்கும். இருப்பது ஒரே பாட்டில், ஒரே தடவைதான் அடிக்கும். நெருப்பு பெரிதாகி இறக்கைக்குள் இருக்கிற பெட்ரோலுக்குப் போய்விட்டால் அந்தப் பாட்டிலால் பிரயோஜனம் இல்லை. அதனால்தான் விளக்கு எரிந்த நிமிஷத்திலேயே செய்ய வேண்டும் என்பார்கள்.

எங்கள் விமானத்தில் வலப்பக்க விளக்கு ஒரு பொய்யன். அந்த மழைக்காலத்தில் ஒரே வாரத்தில் இரண்டு தடவை சும்மா எரிந்தது. இரண்டு தடவையும் பதறிப்போய்த் தரையிறங்கிப் பார்த்தால் என்ஜின் சமத்தாக உட்கார்ந்திருந்தது. மழைத் தண்ணீர் ஒயருக்குள் இறங்குகிறது என்று ஆசீர்வாதம் கண்டுபிடித்தார். ஒரு முழு நாள் அந்த இறக்கை மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டு, பழைய ஒயர் மொத்தத்தையும் உருவிப் போட்டுப் புதிது இழுத்தார். மறுநாள் காலை நான் ஏறப் போகும்போது பக்கத்தில் வந்தார். "சார், இனிமே அது பொய் சொல்லாது. எரிஞ்சா நம்புங்க" என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் தலையை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டார். அவர் எப்போதும் அப்படித்தான். கண்ணைப் பார்த்துப் பேசாத ஆளை நான் நம்புவேனா? ஏதோ அரைகுறையாகச் செய்துவிட்டு மழுப்புகிறான் என்று நினைத்தேன். பல வருஷம் என்ஜின் சத்தத்திலேயே நின்று அவருக்கு ஒரு காது போய்விட்டது, நாம் சொல்வது கேட்கட்டும் என்று நல்ல காதைத் திருப்புகிறார் என்பது எனக்குப் போன வாரம்தான் தெரிந்தது. பக்கத்தில் வேலை செய்த ஒரு மனிதரிடம் கேட்டிருந்தாலே தெரிந்திருக்கும்.

அன்றைய சரக்கு நம் ஆம்பூர்த் தோல். மெட்ராஸில் கப்பலைத் தவறவிட்ட சரக்கு, பம்பாயில் இன்னொரு கப்பலைப் பிடிக்க வேண்டும் என்று அவசரமாக எங்களிடம் வந்தது. கோணியில் வைத்து இறுக்கித் தைத்த கட்டுகள், ஒவ்வொன்றும் இரண்டு பேர் சேர்ந்தால்தான் நகரும். விமானத்துக்குள் காலை வைத்ததுமே மீன் எண்ணெய் வாசனை. எனக்கு அது பிறந்த வீட்டு வாசனை. என் அப்பா தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடுகிற இடத்தில், வேலை செய்தவர், பட்டாளத்துக்குப் போகும் வரை நானும் செய்தேன். எண்ணெய் போட்ட தோலைச் சரியாகக் காயவிடாமல் அடுக்கினால் அடுக்கு நடுவில் தானாகச் சூடு பிடிக்கும். விட்டால் கருகும். அதனால் அங்கே யாரும் அடுக்கைக் கண்ணால் பார்த்து நம்ப மாட்டார்கள், முழங்கை வரை கையை உள்ளே விட்டுப் பார்ப்பார்கள். என் அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் வேலை அதுதான். கட்டுகளைப் பார்த்ததுமே, அவசரத்தில் ஈரத்தோடு கட்டிவிட்டார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம் தட்டியது. யாரும் எதுவும் சொல்லவில்லை, நானாக நினைத்துக்கொண்டேன்.

காலையில் கிளம்பி வேலூர்க் கோட்டையைத் தாண்டி, பாலாற்றை ஒட்டி பெங்களூரைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தோம். அங்கே பெட்ரோல் போட்டுக்கொண்டு பம்பாய் போக வேண்டும். நல்ல வெயில், மழையின் அடையாளமே இல்லை. ஆம்பூர் ரயில் தண்டவாளம் கீழே தெரிந்தபோது வலப்பக்க விளக்கு எரிந்தது. "வலது" என்றார் கேப்டன். துணை விமானி ரங்கநாதன் ஜன்னலில் ஒட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, "ஒன்றும் தெரியவில்லை, புகை இல்லை" என்றார். அவர் இருக்கிற இடத்திலிருந்து என்ஜினின் மேல்பக்கம் மட்டும்தான் தெரியும். கேப்டன் யோசித்தார். முன்னால் மலை, உள்ளே முழுச் சுமை. பொய் விளக்கை நம்பி நல்ல என்ஜினை நிறுத்தினால் அதுவே ஆபத்து. அந்த நேரத்தில் எனக்கு அந்த வாசனை வந்தது. எண்ணெய் கருகுகிற வாசனை. நான் எழுந்து நின்று, "சார், சரக்கு சூடு பிடிச்சிருக்கு. நான் தோல் ஷாப்பில் வளர்ந்தவன், இந்த வாசனை எனக்குத் தெரியும். என்ஜின் இல்லை, சரக்குதான்" என்றேன். கேப்டன் பெங்களூர்க்காரர், பர்மாச் சண்டையில் ஓட்டியவர், லேசில் யார் பேச்சையும் கேட்காதவர். ஆனால் தோல் விஷயத்தில் ஆம்பூர்க்காரன் சொல்லும்போது அவர் வேறு என்ன செய்வார்? "போய்ப் பார். நான் காத்திருக்கிறேன்" என்றார்.

கத்தியை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். முதல் கட்டின் தையலைக் கிழித்துக் கையை விட்டேன். குளிர்ந்து கிடந்தது. அதோடு நான் திரும்பியிருக்க வேண்டும். ஆனால் சந்தேகம் என்பது ஒரு இடத்தில் பொய் என்று தெரிந்ததும் நிற்கிறதா? நல்ல கட்டை முன்னால் வைத்து, ஈரக் கட்டை உள்ளே ஒளித்திருக்கிறார்கள் என்று தோன்றியது. இரண்டாவதைக் கிழித்தேன். அதுவும் குளிர்ச்சி. "சரக்குதான் சார், இருங்க!" என்று முன்பக்கம் பார்த்துக் கத்தினேன். மூன்றாவதைப் புரட்டும்போது என் கை மேல் ஒரு வெளிச்சம் ஆடியது. தலையைத் திருப்பினேன். தயாளா, என் தோளுக்கு ஒரு முழம் பக்கத்தில் ஜன்னல் இருந்தது. அந்த ஜன்னல் வழியே வலப்பக்க என்ஜினின் அடிப்பக்கம் நன்றாகத் தெரிந்தது. சக்கரம் மடங்கி உட்காரும் குழியிலிருந்து நெருப்பு பின்பக்கமாக நீண்டு அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே வந்ததும் ஒரே ஒரு தடவை அந்தப் பக்கம் பார்த்திருந்தால் போதும். நான் கோணிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு ஆம்பூரில் எவனோ ஏமாற்றினான் என்று தேடிக்கொண்டிருந்தேன்.

"என்ஜின் சார், வலது என்ஜின்!" என்று ஓடினேன். கேப்டன் உடனே வலது என்ஜினின் நெம்புகோலைப் பிடித்துக்கொண்டு, "வலதுதானே?" என்றார். "வலது" என்றார் ரங்கநாதன். பெட்ரோல் நின்றது, காற்றாடி நின்றது. ரங்கநாதன் குனிந்து மூடியைத் திறந்து, வாயு வலது என்ஜினுக்குப் போகும்படி திருகைத் திருப்பி, கைப்பிடியை இழுத்தார். எனக்கு உன் அம்மா முகம் வந்தது, உன் முகம் வந்தது, ஜெபம் மட்டும் வரவில்லை. நெருப்பு அடங்கியது. இன்னும் ஒரு நிமிஷம் ஆகியிருந்தால் இறக்கை போயிருக்கும் என்று பின்னால் பார்த்தவர்கள் சொன்னார்கள். விளக்கு எரிந்ததிலிருந்து பாட்டிலை இழுக்கும் வரை நாலு நிமிஷம். அந்த நாலும் நான் தின்ற நிமிஷங்கள்.

ஒற்றை என்ஜினில் அவ்வளவு சுமையோடு பெங்களூர் மேட்டு நிலத்துக்குப் போக முடியாது. மெட்ராஸுக்கே திருப்பினார். திருப்பியும் விமானம் இறங்கிக்கொண்டே வந்தது. "சரக்கைத் தள்ளுங்கள். உன் ஊர்தானே, ஆள் இல்லாத இடமாகச் சொல்" என்றார். கோடையானாலும் மழையானாலும் பாலாற்றில் மணல் எங்கே அகலம் என்று எனக்குத் தெரியும். கதவைக் கழற்றி, கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு, நானும் ரங்கநாதனும் ஆம்பூரிலிருந்து மாதனூர் வரை ஆற்று மணலில் கட்டுகளை ஒவ்வொன்றாக உருட்டிவிட்டோம். ஆம்பூரில் செய்த தோலை ஆம்பூர் தலையிலேயே கொட்டினோம். யார் மேலும் விழவில்லை, அது கடவுள் செயல். அதற்கப்புறம் ஒரு வருஷம் அந்தப் பக்கத்து ஜனங்கள் எல்லோர் காலிலும் நல்ல தோல் செருப்பு என்று கேள்விப்பட்டேன். சுமை குறைந்ததும் விமானம் நிமிர்ந்தது. மீனம்பாக்கத்தில் பத்திரமாக இறங்கினோம்.

இப்போது அந்தப் புத்தகத்துக்கு வருகிறேன். வரும் வழியில் என் இடத்தில் உட்கார்ந்தபோது, விளக்கு எரிந்த நேரம் எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது. பென்சிலை எடுத்தேன். உண்மையான நேரத்தை எழுதினால் நாலு நிமிஷம் என்ன செய்தாய் என்று கேட்பார்கள். நான் எழுதிய நேரம், பாட்டிலை இழுப்பதற்குச் சற்று முன். அதாவது விளக்கு எரிந்தது, உடனே அணைத்தோம். கேப்டன் அதைப் படித்தார். என்னைப் பார்த்தார். கீழே கையெழுத்துப் போட்டார். அவருக்கும் காத்திருந்ததற்குப் பதில் சொல்ல வேண்டியிருந்ததே. ரங்கநாதனிடம் யாரும் நேரத்தைப் பற்றிக் கேட்கவில்லை, அவரும் வாயைத் திறக்கவில்லை.

கம்பெனி விசாரித்தது. எண்ணெய்க் குழாய் ஒன்று பழசாகி விரிந்திருந்தது, அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது என்றார்கள். ஆனால் கூடு கருகியிருந்ததைப் பார்த்தால் பல நிமிஷம் எரிந்த நெருப்பு. புத்தகமோ விளக்கு கடைசியில்தான் எரிந்தது என்கிறது. அப்படியென்றால் விளக்கு தாமதம். விளக்கை முதல் நாள் சரிசெய்தது யார்? ஆசீர்வாதம். என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "அந்த விளக்கு முன்னேயும் இரண்டு தரம் தகராறு செய்திருக்கிறது சார். மெக்கானிக் சரியாகப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்" என்றேன். ஒரே வாரத்தில் அவரை அனுப்பிவிட்டார்கள். யோசித்துப் பார். அந்த விளக்கு அன்றைக்கு உண்மை சொன்னது. அவர் சரிசெய்ததால்தான் சொன்னது. அதைச் செய்தவருக்கு வேலை போய்விட்டது, நம்பாதவன் வேலையில் இருந்தேன்.

கொஞ்ச நாளில் நானே ஒரு கதை கட்டிக்கொண்டேன். நெருப்பு வெகு முன்பே பிடித்திருக்கும், விளக்கு உண்மையிலேயே தாமதமாகத்தான் எரிந்திருக்கும், அந்த ஆள் கண்ணைப் பார்த்துப் பேசாதவன்தானே என்று. நம்பியும் விட்டேன். சந்தேகப்படாதே என்று உனக்கு நான் புத்தி சொல்லப் போவதில்லை, என் வாய்க்கு அது பொருந்தாது. ஆனால் சந்தேகம் வரும்போது அது எந்தப் பக்கம் போகிறது என்று பார். என் சந்தேகம் ஒரு தடவைகூட என் மேல் வந்ததில்லை, எப்போதும் எனக்கு வசதியான பக்கமே போனது. அப்படிப் போனால் நின்றுவிடு. நாலு நிமிஷம் வேண்டாம், தலையை ஒரு தடவை திருப்பிப் பார்க்கிற நேரம் போதும்.

உன் கடிதத்தில் அவர் பெயரைப் பார்த்ததும் நான் என்ன நினைத்தேன் தெரியுமா? வெட்கமாக இருக்கிறது. பழிவாங்கத்தான் பெண்ணை உன் பக்கம் அனுப்பியிருக்கிறார் என்று நினைத்தேன். கல்யாணத்தன்று சபை நடுவில் எழுந்து நின்று எல்லாவற்றையும் போட்டு உடைக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் உன்னிடம் என்னைத் தெரியும் என்று சொல்லாமல் இருந்ததே என் பயத்தை ஜாஸ்தியாக்கியது. மூன்று காரணங்களும் அந்தப் பயத்தில் வந்தவை. போன சனிக்கிழமை, அவர் மனதில் என்ன இருக்கிறது என்று வேவு பார்க்கத்தான் பாகாயம் போனேன். மன்னிப்புக் கேட்கப் போனேன் என்று எழுத ஆசைதான். பொய் எழுதி எழுதி அலுத்துவிட்டது.

கடை வாசலில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் எழுந்து, லுங்கியை இறக்கிவிட்டு, ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். "ஒக்காருங்க சார். நீங்க வருவீங்கன்னு தெரியும். நானே வந்திருக்கணும்" என்றார்.

"எதுக்கு?" என்றேன், வருகிற அடிக்குத் தயாராகி.

"எந்த மூஞ்சிய வச்சிக்கினு வர்றது சார்? என் கையால மூணு உசிரு போயிருக்கும். எங்க ஊட்டுப் பொண்ண வாணாம்னு நீங்க நெனைக்கிறது நாயம்தான். ஆனா அது நான் பண்ண தப்பு சார், அவ பண்ணல. உங்க பையன் இன்னாருன்னு தெரிஞ்சும் நான் வாயத் தெறக்கல. பயம்." நல்ல காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி பேசினார். "ஒயர் புதுசு. ஒவ்வொரு முடிச்சும் ரெண்டு தரம் பாத்தேன். எப்டி லேட்டா எரிஞ்சுதுன்னு இன்னி வரைக்கும் எனக்குப் புடிபடல. அதுக்கப்புறம் வேற கம்பெனில கூப்ட்டாங்க. போவல. என் கைய எனக்கே நம்பிக்கை இல்ல."

தயாளா, அந்த இடத்தில் எனக்கு வந்த எண்ணத்தையும் எழுதிவிடுகிறேன். இவருக்குத் தெரியாது. கேப்டன் செத்துப்போய்விட்டார், கம்பெனியை மூடிவிட்டார்கள், புத்தகம் எந்தக் குப்பையிலோ. 'போகட்டும் ஆசீர்வாதம், நான் அதை மறந்துட்டேன்' என்று பெரிய மனது பண்ணி, கல்யாணத்துக்குச் சம்மதமும் சொல்லிவிட்டு, அவர் கண்ணில் தெய்வமாகத் திரும்பி வந்திருக்கலாம். அந்த வாக்கியம் தொண்டை வரை வந்தது. அப்போது ஒரு தபால்காரர் சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தி, "அண்ணே, பிரேக் புடிக்க மாட்டேங்குது, கொஞ்சம் பாருங்க" என்றார். ஆசீர்வாதம் கையை ஆட்டி, "பிரேக்கு நான் தொடறதில்லப்பா. எதிர்க்கடைக்குப் போ" என்றார். தபால்காரருக்கு அது பழக்கம் போலிருக்கிறது, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். விமானத்தின் நரம்பையெல்லாம் பிரித்துக் கோத்த கை. பிரேக்கை இறுக்கப் பயந்து பஞ்சர் மட்டும் ஒட்டுகிறது.

"ஆசீர்வாதம், விளக்கு எரிஞ்சுது" என்றேன்.

"எப்ப சார்?"

"நெருப்பு புடிச்ச ஒடனே. நேரத்துக்கு எரிஞ்சுது. நாலு நிமிஷமும் அணையாம எரிஞ்சுது. நம்பாதது நாங்க. சரக்குதான்னு கெடுத்தது நான். நேரத்த மாத்தி எழுதினதும் நான்தான்."

நான் சொன்னதில் அவர் முதல் பாதியோடு நின்றுவிட்டார். "எரிஞ்சுதா?" என்றார். "எரிஞ்சுதா சார்?" உள்ளே திரும்பிக் கத்தினார். "ரோசி! இங்க வா. வெளக்கு எரிஞ்சுதாம்! நேரத்துக்கு எரிஞ்சுதாம்!" அவர் சிரித்ததை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. ஈரக் கையை மடியில் துடைத்துக்கொண்டு அவர் மனைவி வந்தார். அந்த அம்மாவுக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கிறது. "மாத்தி எழுதினேன்னு சொன்னீங்களே, அது இன்னா?" என்றார். இன்னொரு தரம் முழுதும் சொன்னேன். அதற்குள் ஆசீர்வாதத்தின் சிரிப்பு போய்விட்டது.

அந்த அம்மா அழவில்லை, திட்டவும் இல்லை. "ஊட்ல இவரு பல்பு போட்டா என்னக் கேப்பாரு, 'எரியுதா ரோசி'ன்னு. கண்ணு முன்னாடி எரியும், என்னக் கேப்பாரு. பதினஞ்சு வருஷமா நானும் 'எரியுது'ன்னு சொல்லிக்கினு இருக்கேன் சார்" என்றார். "இது உங்க புள்ளைக்குத் தெரியுமா?" என்றார். தெரியாது என்றேன். "தெரியட்டும். தெரிஞ்சி அவரு வந்து கேக்கட்டும், அப்ப பாக்கலாம். நீங்க கெளம்புங்க."

கிளம்பினேன். பஸ் நிற்கிற இடத்துக்கு ஆசீர்வாதம் பின்னாலேயே வந்தார். கடையில் வைத்துத் திட்ட முடியாததை இங்கே திட்டப் போகிறார், ஒருவேளை அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அப்போதும் எனக்கு அதுதான் நினைக்க வந்தது. அவர் கிட்டே வந்து, "சார், மங்கலா எரிஞ்சுதா, நல்லா எரிஞ்சுதா?" என்று கேட்டார். "நல்லா எரிஞ்சுது. கண்ணு கூசற மாதிரி" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு திரும்பிப் போய்விட்டார். மன்னித்ததாகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்க எனக்கு உரிமை இல்லை.

இதைப் படித்ததும் என் மேல் கோபப்படு. அது நியாயம். நான் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. கோபம் ஆறினதும் அப்பா பாவம் என்று ஆம்பூருக்கு பஸ் ஏறிவிடுவாய், உன் மனசு அப்படி. வராதே. நீ இருக்கிற திருப்பத்தூரிலேயே உன் சைக்கிளை வேலூர் பஸ் மேலே போட்டுக்கொண்டு நேராகப் பாகாயம் போ. போனதும் பெண்ணைக் கேட்காதே. சைக்கிளை அவர் முன்னால் நிறுத்தி, பிரேக்கைச் சரிபார்த்துக் கொடுக்கச் சொல். மாட்டேன் என்பார், எதிர்க்கடையைக் காட்டுவார். சாயங்காலமானாலும் அங்கேயே உட்கார்ந்திரு. அவர் கையால் இறுக்கிக் கொடுத்ததும் ஏறி, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பாகாயம் ரோட்டு இறக்கத்தில் வேகமாக விடு. கீழே போய்ப் பிரேக்கைப் பிடித்து நிறுத்தி, திரும்பி வந்து, அதற்கப்புறம் கேள்.

உன் அப்பா